பன்னிரண்டாம் பலகை

போன மாதம் என் மருமகன் ஓர் அட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். மூக்கண்டப்பள்ளியில் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் எல்லாருக்கும் கொடுத்தார்களாம். ஒரு பக்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த ஆள். பக்கத்தில் பச்சை நிறத்தில் சரி என்ற அடையாளம். மறுபக்கம் கூனி உட்கார்ந்த ஆள். அவன் தலைக்கு மேல் சிவப்பில் பெருக்கல் குறி. வாரத்துக்கு இரண்டு நாள் யோகா மாஸ்டர் ஒருவர் வந்து அரைமணி நேரம் பயிற்சி கொடுக்கிறார். அதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். தவறான நிலையில் அமர்பவர்களின் பெயரை மேற்பார்வையாளர் குறித்துக்கொள்வார்.

"நல்லதுதானே மாமா. நீங்களே தெனமும் யோகா செய்யறவரு. எங்க ஆளுங்களுக்கு ஒருநாள் வந்து நாலு வார்த்தை பேசுங்க" என்றார் மருமகன்.

பேச வந்தால் சண்டையில்தான் முடியும், எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது. படிக்கிறவர்கள் படிக்கட்டும், பிடிக்காதவர்கள் மடித்து வைக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு யோகாவின் மேல் கோபம் இல்லை. இருபத்து நான்கு வயதில் என் கழுத்து வலியை விரட்டியது அதுதான். இன்றைக்கும் காலையில் பல் தேய்த்ததும் பாயை விரித்துவிடுகிறேன். எனக்குக் கோபமெல்லாம் அந்தக் குறித்துக்கொள்வார் என்ற சொல்லின் மேல். ஏனென்றால் ஒரு காலத்தில் அப்படிக் குறித்தவன் நான். நோட்டுப் போட்டு, கோடு போட்டு, ஒருத்தியின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டவன் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நாங்கள் வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். மூன்று அண்ணன்களுக்குப் பிரித்தது போக எனக்கு மிஞ்சிய நிலத்தில் ஒரு மாமரம் வைக்கக்கூட இடம் இல்லை. பதினெட்டு வயதில் ஓசூருக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில் இருந்த ஒரு பட்டுநூல் கொட்டகையில் சக்கரம் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு கூடு வேகவைத்தேன், நூல் எடுத்தேன், ஐந்தே வருஷத்தில் மேஸ்திரி ஆனேன். அதன் பிறகு வேறு இடங்களில் நூல் எடுக்கக் கற்றுக்கொடுப்பவனாக இருந்து ஓய்வு பெற்றேன். அந்தப் பெருமையெல்லாம் இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நான் மேஸ்திரியாக இருந்த ஒன்றரை வருஷத்தைப் பற்றி.

கொட்டகை நீளமாக இருக்கும். ஒரே வரிசையில் பன்னிரண்டு வெந்நீர்த் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டிக்கும் எதிரே தரையில் நான்கு கட்டைக் கால் வைத்த ஒரு பலகை. அதில்தான் நூல் எடுக்கும் பெண்கள் உட்காருவார்கள். அண்டாவில் வெந்த பட்டுக்கூடுகளைத் தொட்டியில் கொட்டுவோம். துடைப்பக் குச்சியால் அவற்றைத் தட்டித் தட்டி நுனி பிடிக்க வேண்டும். ஒரு கூட்டின் இழை தலைமுடியைவிட மெல்லியது. அப்படி எட்டுக் கூட்டின் இழைகளைச் சேர்த்தால் ஒரு நூல். எட்டில் ஒன்று தீர்ந்தால் அந்த நொடியே இன்னொரு கூட்டின் நுனியை எடுத்து ஓடுகிற நூலில் ஒட்டிவிட வேண்டும். கண்ணால் பார்ப்பது பாதி, விரல் நுனியால் உணர்வது பாதி. பின்னால் பெரிய சக்கரத்தை இரண்டு ஆட்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், அது யாருக்காகவும் நிற்காது. ஆவி முகத்தில் அடிக்கும், செத்த புழுவின் நாற்றம் சோற்றிலும் வரும். காலை ஏழு மணிக்குக் குனிந்த தலை மத்தியானம்தான் நிமிரும். முப்பது வயதில் ஐம்பது வயதுக்காரி மாதிரி நடந்த பெண்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் புது மேனேஜர் வந்தார். அனந்தராவ் என்று பெயர், மைசூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். நடந்தால் தலையில் தண்ணீர்க் குடம் இருப்பதுபோல அசையாமல் நடப்பார். குரலை உயர்த்த மாட்டார். திட்டுவதையும் பாராட்டுவதையும் ஒரே குரலில் செய்வார், அதனாலேயே எங்களுக்குப் பயம் அதிகம். வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "முனிராஜ், இவங்க யாருக்கும் முதுகு இல்லையாப்பா? பிறந்தப்ப எல்லாருக்கும்தானே கொடுத்தான்" என்றார்.

மறுநாள் முதல் வேலை தொடங்குமுன் இருபது நிமிஷம் எல்லாரும் முற்றத்தில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. பெண்கள் முதலில் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

அந்த மனிதர் கற்றுக்கொடுத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு டிவியில் காலைத் தூக்கித் தலையில் வைக்கிறார்களே, அந்த வித்தையெல்லாம் அவர் காட்டவில்லை. நிற்கக் கற்றுக்கொடுத்தார். பாதத்தில் மூன்று இடம் சொல்வார்: குதிகால், கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி. இரண்டு பாதத்திலும் இந்த மூன்று இடத்திலும் எடை சமமாக இருக்கிறதா என்று கண்ணை மூடிப் பார்க்கச் சொல்வார். பிறகு முழங்கால், இடுப்பு, விலா, தோள். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் மூச்சு விடும்போது இறக்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கிறதா, பல்லைக் கடித்திருக்கிறோமா என்றுகூடக் கேட்பார். பிறகு கையை மேலே தூக்கி, இடுப்பிலிருந்து மடிந்து குனிந்து, மூச்சோடு எழுந்திருக்க வேண்டும். "முதுகை வளைக்காதே, இடுப்பை மடி" என்பார். கடைசியில் உட்காருவது. உட்காரும்போது அடியில் இரண்டு எலும்பு தட்டுப்படும். இரண்டிலும் எடை சமமாக விழுகிறதா என்று தெரிந்துகொண்டால் முதுகு தானாக எழும்பும் என்பார்.

இதோடு விடவில்லை. அரைமணிக்கு ஒருமுறை கொட்டகையில் மணி அடிக்கும். கை வேலையை நிறுத்தக் கூடாது. ஆனால் மூன்று மூச்சு முடியும்வரை எடை எங்கே விழுகிறது, தோள் எங்கே இருக்கிறது என்று உள்ளே பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். எனக்கு இது இரண்டு மாதத்தில் பலித்தது. கணக்குப் பார்க்கும்போது கழுத்தை முன்னே நீட்டுகிறேன், யாராவது கேள்வி கேட்டால் இடது தோளைத் தூக்குகிறேன், மேனேஜர் வந்தால் மூச்சை நிறுத்திவிடுகிறேன். இதெல்லாம் இருபத்து நான்கு வருஷம் எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. தெரிந்ததும் பாதி வலி போய்விட்டது. பெண்களிலும் நாலைந்து பேர் ராத்திரி புரண்டு படுக்க முடிகிறது என்று சொன்னார்கள். அந்த அளவில் நிறுத்தியிருந்தால் அந்த ஆளை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

நிறுத்தவில்லை. கவனம் இருந்தால் எவன் முதுகும் நிமிரும், நிமிரவில்லை என்றால் கவனம் இல்லை, கவனம் இல்லை என்றால் வேலைக்கு லாயக்கில்லை. அவர் மூளை இப்படிப் போயிற்று. ஒருநாள் கொத்தனார்கள் சுவர் பார்க்க வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதேபோல் பன்னிரண்டு நூல் செய்யச் சொல்லி, ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். நூலின் முனையில் ஒரு கல். மணி அடித்ததும் நான் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருத்தி பின்னாலும் நின்று பார்க்க வேண்டும். நூல் அவள் முதுகின் நடுவில் நேராக விழ வேண்டும். விழாவிட்டால் நோட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு. ஒரு நாளில் மூன்று கோடு விழுந்தால் மறுநாள் தொட்டியில் வேலை இல்லை, கழிவுக்கூடு பொறுக்க வேண்டும். மாதத்தில் மூன்று தடவை அப்படி ஆனால் வேலையே இல்லை.

இதைக் கேட்டு எனக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். பெருமை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. நோட்டும் பென்சிலும் கையில் வந்ததும் நான் பெரிய ஆபீசர் ஆகிவிட்டேன்.

பன்னிரண்டாம் பலகையில் எல்லம்மா உட்காருவாள். கெலமங்கலம் பக்கத்துச் சேரியிலிருந்து தினமும் நடந்து வருவாள். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவளை நான் நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவள் என்னை வாங்க, போங்க என்றாள். அன்றைக்கு அதுதான் நடைமுறை, எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. கொட்டகையில் அவளைப்போல நூல் எடுக்க ஆள் இல்லை. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து தனக்குத்தானே எதையாவது முணுமுணுத்துக்கொண்டே எடுப்பாள். நூல் அறுந்து நான் பார்த்ததில்லை. பெங்களூர் வியாபாரி அவள் எடுத்த நூலைத் தனியாகக் கேட்டு வாங்குவான்.

ஆனால் அவள் இடம் கடைசி இடம். மற்ற பதினோரு பலகைகளும் அவ்வப்போது மாறும். ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தால், ஒருத்தி ஊருக்குப் போனால், பக்கத்தில் இருப்பவள் நகர்ந்து உட்காருவாள். பன்னிரண்டாம் பலகை மட்டும் மாறாது. எல்லம்மா உட்கார்ந்த பலகையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள், அவளையும் வேறு பலகையில் உட்கார விடமாட்டார்கள். அவளுடைய சொம்பு தனி, காலையில் பயிற்சிக்கு நிற்கும்போது அவள் வரிசையும் தனி, எல்லாருக்கும் பின்னால். இதை யாரும் சட்டமாக எழுதி ஒட்டவில்லை. எழுதாமலே எல்லாரும் கடைப்பிடித்தோம். பாதத்தில் மூன்று இடத்தைப் பார்க்கத் தெரிந்த மேனேஜருக்கு இது கண்ணில் படவே இல்லை.

தூக்குநூல் தொங்கவிட்ட முதல் நாளே எல்லம்மாவின் பெயருக்கு நேரே நான்கு கோடு விழுந்தது. அவள் உடம்பு நூலுக்கு வலது பக்கம் சாய்ந்திருந்தது. "நிமிரு" என்றேன். நிமிர்ந்தாள். பத்து நிமிஷம் கழித்து வந்தால் மறுபடியும் சாய்வு. மறுநாள் கழிவுக்கூடு பொறுக்கப் போனாள். அதற்கு மறுநாள் தொட்டிக்கு வந்தாள், மறுபடியும் கோடு.

"ஏன் எல்லம்மா, காலையில செய்யறதெல்லாம் கவனமா செய்யறியா இல்லியா?" என்று கேட்டேன்.

"செய்யறேன் மேஸ்திரி. ஊட்லயும் செஞ்சிகினுதான் இருக்கறேன். நிக்கறப்ப நேரா இருக்குது. இங்க ஒக்காந்தாதான் என்னுமோ பண்ணுது. நீங்க வேணும்னா ஒருக்கா இதுல ஒக்காந்து பாருங்க."

பக்கத்துப் பலகைக்காரி பார்வதி களுக்கென்று சிரித்தாள். சக்கரம் சுற்றியவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. என்னை, ஒரு மேஸ்திரியை, எல்லார் முன்னாலும் அவள் பலகையில் உட்காரச் சொல்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கே ஒக்காரக் கத்துக்குடுக்கறியா? வேலையைப் பாரு" என்று கத்தினேன். கத்திவிட்டு நோட்டில் அந்த மணிக்கான கோட்டோடு இன்னொரு கோடும் சேர்த்துப் போட்டேன். அந்த இரண்டாவது கோடு எதற்காக என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

மாதம் முடியும் முன்பே மூன்றாவது தடவை ஆகிவிட்டது. நோட்டைப் பார்த்துவிட்டு மேனேஜர் சாந்தமாகச் சொன்னார்: "கை நல்ல கைதான். ஆனா மனசு அலையற ஆளு. அனுப்பிடு." நான் போய் எல்லம்மாவிடம் சொன்னேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சொம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பிறகு நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் எரியும். காலியான இடத்துக்கு ஆள் வேண்டும். பழைய பலகையைத் தூக்கி அடுப்புக்குப் போட்டார்கள். அந்த இடத்தைக் கழுவிவிட்டு அதே அளவில் ஒரு புதுப் பலகை செய்து போட்டார்கள். பார்வதியை அங்கே நகர்த்தினேன். நான்கே நாளில் பார்வதியின் முதுகு நூலுக்கு வலது பக்கம் சாய ஆரம்பித்தது. அதுவரை ஒரு கோடுகூட வாங்காதவள் அவள்.

பார்வதி சும்மா இருக்கிற ஆளா? நேராக மேனேஜரிடமே போய்விட்டாள். "எடம் சரியில்லீங்க. இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இடம் சரியில்லைன்னு சொல்றா. என்னன்னு பாரு" என்றார்.

கவனியுங்கள். எல்லம்மா சொன்னபோது அது மனசு அலைகிற குற்றம். பார்வதி சொன்னபோது அது இடத்தின் குற்றம்.

நான் போய்ப் பன்னிரண்டாம் பலகையில் உட்கார்ந்தேன். இப்போது அது கழுவிய இடம், புதுப் பலகை. எனக்கு ஒரு தடையும் இல்லை. கண்ணை மூடினேன். அவர் கற்றுக்கொடுத்தபடியே மூன்று மூச்சு விட்டு, எடை எங்கே விழுகிறது என்று பார்த்தேன். மூன்றாவது மூச்சுகூடத் தேவைப்படவில்லை. முழு எடையும் இடது எலும்பில் இறங்கிக்கொண்டிருந்தது. விழாமல் இருப்பதற்காக என் விலா தானாக வலது பக்கம் ஒடுங்கி, உடம்பு அந்தப் பக்கம் வளைந்தது. பலவந்தமாக நிமிர்ந்தால் கை தொட்டிக்கு எட்டவில்லை.

எழுந்து ஒரு கிண்ணம் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். தண்ணீர் இடது பக்கமாகச் சாக்கடையைத் தேடி ஓடியது. கொட்டகை கட்டியபோதே கழுவின தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்று கடைசி மூன்று முழத்துக்குத் தரையில் வாட்டம் விட்டிருந்தார்கள். தொட்டிகளைச் சமமாகக் கட்டிவிட்டு, பலகையை அந்தச் சரிவில் போட்டிருந்தார்கள். மற்ற பதினோரு பேரும் சமதரையில். எல்லம்மா மட்டும் நான்கு வருஷமாகச் சரிவில் உட்கார்ந்து கொட்டகையின் மிக நல்ல நூலை எடுத்திருக்கிறாள்.

தூக்குநூல் எதற்கு? கட்டடம் கோணலா என்று பார்ப்பதற்கு. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வான். நாங்கள் அதைத் தொங்கவிட்டு, கட்டடத்தை விட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தவளைக் கோணல் என்றோம். ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், நான்கு வருஷத்தில் ஒருநாள் அவள் பலகையில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். அவளே வாய்விட்டுக் கேட்டாள். எங்கள் சாதிப் புத்தி எங்களை உட்கார விடவில்லை. நாசமாய்ப் போன புத்தி. இதைவிட நாகரிகமான சொல் என்னிடம் இல்லை.

மறுநாளே கொத்தனார் வந்தார். பலகையின் இடது கால்களுக்கு இரண்டு விரல் உயரத்தில் கல் வைத்துப் பூசினார். வேலை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பார்வதியின் முதுகு அன்றே நூலுக்கு நேராக வந்துவிட்டது.

நான் மேனேஜரிடம் போனேன். "சார், எல்லம்மா மேல தப்பு இல்ல. தரைதான் தப்பு. அவளை மறுபடியும் கூப்புடலாம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "உண்மையான கவனம் இருந்தா தரை கோணல்னு அவளே கண்டுபிடிச்சிருப்பா" என்றார்.

"சொன்னா சார். ஒக்காந்து பாருங்கன்னு என்கிட்ட சொன்னா."

"அப்ப நீ ஏன் உட்காரல?"

 அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மேசையிலிருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார். நியாயத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூர் வியாபாரி நூல் சரியில்லை என்று சொல்லியனுப்பியிருந்தான். "அந்த அம்மாவை வரச் சொல்லு. பார்வதி பழைய இடத்துக்குப் போகட்டும். ஆனா ஒண்ணு. அனுப்பின ஆளை அப்படியே திரும்பச் சேத்துக்கிட்டா நாளைக்கு எவளும் மணிச் சத்தத்தை மதிக்க மாட்டா. காலையில எல்லார் முன்னாடியும் நின்னு, கவனமில்லாம இருந்தது தப்புன்னு அவ சொல்லணும். சொன்னா வேலை."

இதை நான் அங்கேயே மூஞ்சியில் அடித்த மாதிரி மறுத்திருக்க வேண்டும். "சரிங்க சார்" என்றேன்.

எல்லம்மா கிருஷ்ணகிரி ரோட்டில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். வெயிலில், ஒரு கோணியை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் போய் நின்ற எனக்குப் பழக்கதோஷத்தில் ஒற்றைக் கண் மூடியது. முதுகு கம்பு மாதிரி நேராக இருந்தது. ஒவ்வொரு கல்லையும் இடுப்பிலிருந்து மடிந்து எடுத்தாள், மூச்சு விட்டுக்கொண்டே சுத்தியலை இறக்கினாள். முற்றத்தில் கடைசி வரிசையில் தனியாக நின்றவள் எங்கள் எல்லாரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேஸ்திரி" என்றாள்.

தரையில் வாட்டம் இருந்த கதையைச் சொன்னேன். பலகையில் உட்கார்ந்து பார்த்தேன் என்றேன்.

"எப்ப ஒக்காந்தீங்க? நான் இருக்கறப்பவா, போனதுக்கு அப்பறமா?"

 அவள் இன்னொரு கல்லை எடுத்து வைத்தாள். "இங்க எனக்கு இடுப்பு வலியே இல்ல மேஸ்திரி. மண்ணு சமமா இருக்குது."

"அப்ப வரமாட்டியா?"

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வலது கையைத் திருப்பி எனக்குக் காட்டினாள். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டிவிரல் நுனியும் தடித்து, தோல் வெடித்திருந்தது. "இன்னும் ஒரு மாசம் இந்தச் சுத்தியலைப் புடிச்சேன்னா இழை கையில தட்டுப்படாது. அப்பறம் யாரு கூப்புட்டாலும் எனக்கு நூலு எடுக்க வராது. எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான். என்னா சொல்லணுமாம்?"

மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கல்குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு எம்பேர்ல இல்லன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அவருக்கு?"

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் சொல்லணும்" என்றாள். சுத்தியலை மறுபடியும் எடுத்துக்கொண்டு, "திங்கக்கெழமை வரேன்" என்றாள்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். திங்கட்கிழமை அவள் வாயைத் திறக்கும் முன் நான் முன்னால் போய் நிற்பேன், நோட்டைப் பிரித்து எல்லாருக்கும் காட்டுவேன், கோடு போட்டவன் நான், உட்கார மறுத்தவன் நான் என்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வார்த்தைகளையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை எல்லாரும் முற்றத்தில் நின்றோம். பாதம் இரண்டையும் சேர்த்து, மார்புக்கு நேரே கைகூப்பி நிற்கும் முதல் நிலை. மேனேஜர் கை காட்ட, எல்லம்மா கடைசியிலிருந்து நடந்து முன்னால் வந்தாள். அவளை முன் வரிசைக்கு யாரும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என்னிடமிருந்து நாலடி தூரத்தில் நின்றாள். ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் பேசுவதற்குத் தேவையான நேரம் இருந்தது. மூன்று மூச்சு விடும் நேரம் இருந்தது, எண்ணிக்கூடப் பார்த்தேன். மேஸ்திரி வேலை போனால் திரும்ப அண்ணன்கள் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று அந்த மூன்று மூச்சிலும் நினைத்தேன்.

"சொல்லும்மா" என்றார் மேனேஜர்.

"நான் கவனமா இல்ல. அதான் கோணலா ஒக்காந்துட்டேன். இனிமேப்பட்டு நேரா ஒக்காருவேன்."

குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. பார்வதி தலையைக் குனிந்துகொண்டாள். சக்கரம் சுற்றுகிறவர்களில் ஒருவன் இருமினான்.

"அவ்வளவுதான். ஒத்துக்கிட்டா மனசு லேசாகும், முதுகும் நிமிரும்" என்றார் மேனேஜர். பிறகு எல்லாரையும் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். "எல்லாரும் மேஸ்திரியைப் பாருங்க. பாதம் ரெண்டும் சமம், தோள் ரெண்டும் சமம், மூச்சு நிதானம். நிக்கறதுன்னா இப்படி நிக்கணும்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எல்லம்மாவும் பார்த்தாள். நான் கூப்பிய கையைப் பிரிக்காமல் அப்படியே நின்றேன்.